கார் பிரேக்கில் ஏர் எடுப்பது: வீட்டில், தனி ஆளாக

பட்டறையில் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிப்பார். இன்னொருவர் சக்கரத்தருகே குந்திக்கொண்டு "மிதி... பிடி... விடு" என்று குரல் கொடுத்தபடி நிப்பிளை, அதாவது சக்கரத்தின் பிரேக்கில் ஆயில் வெளியே வரும் துளையுள்ள சிறு திருகை, திறந்து மூடுவார். தனி ஆளாகச் செய்யும்போது அந்த இரண்டாவது ஆளுக்குப் பதிலாக ஒரு டியூபும் ஒரு பாட்டிலும் நிற்கின்றன. பிரேக் ஆயில் குழாயில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுவது பெரிய விஷயமே இல்லை. மிதித்த பெடல் மேலே வரும்போது அந்தக் காற்று திரும்ப உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம். கீழே உள்ள படிகளும் அவற்றின் வரிசையும் பெரும்பாலும் அதற்காகத்தான்.

ஆல்ட்டோ, வேகன் ஆர் போல முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் உள்ள சிறு காரை மனதில் வைத்து எழுதுகிறேன். நாலு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தாலும் முறை இதேதான்.

1. ஏர்தானா என்று முதலில் பாருங்கள்

பெடல் கீழே போகிறது என்றதும் ஏர் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பலருக்குப் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஒரு முறை மிதியுங்கள். விட்டு, உடனே இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதியுங்கள். இரண்டாவது மூன்றாவது மிதியில் பெடல் உயரமாக வந்து கல் போல நின்றால், பெரும்பாலும் அது பின் டிரம்மில் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி. ஷூ அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடும். எத்தனை முறை மிதித்தாலும் கடைசியில் பஞ்சை மிதிப்பது போல அமுங்கினால் அது ஏர். காற்றை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. அந்த வித்தியாசம்தான் காலில் தெரிகிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பெடலை அழுத்திப் பிடித்தபடி அரை நிமிடம் இருங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் பகுதி) வாஷர் கெட்டுவிட்டது. ஏர் எடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தாலும் அப்படித்தான். முதலில் ஒழுகலைச் சரிசெய்யுங்கள்.

மலைப்பாதையில் இறங்கும்போது மட்டும் பெடல் இளகி, ஆறியதும் சரியாகிவிடுகிறதா? எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைப் பாதையில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்தில் வரும் புது ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பே 140 டிகிரிதான். சூட்டில் அது கொதித்து ஆவியானால், ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். இதற்கு ஆயிலையே முழுதாக மாற்ற வேண்டும். செய்முறை இதேதான், கொஞ்சம் அதிக ஆயில் செலவாகும்.

2. வீட்டில் தொடக் கூடாத நேரம்

இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஏ.பி.எஸ். (பலமாகப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்ளும் அமைப்பு) கட்டாயம். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே உள்ள பிரேக் ஆயில் டப்பா ஒருபோதும் காலியாகாத வரை ஏ.பி.எஸ். காரிலும் இந்த முறை செல்லும். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் மாற்றியதாலோ, டப்பா வற்றியதாலோ ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் ஏர் புகுந்திருந்தால், அதன் உள்ளே உள்ள வால்வுகளை ஸ்கேனர் வைத்துத்தான் பல கார்களில் இயக்க முடியும். அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

பிரேக் ஆயில். எல்லோரும் ஆயில் என்றுதான் சொல்கிறோம், ஆனால் இது எண்ணெய் கிடையாது. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு கலந்தாலும் உள்ளே உள்ள ரப்பர் வாஷர்கள் ஊதிப் பெருத்து, முழு பிரேக்கையும் பிரிக்கும்படி ஆகிவிடும். டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது அச்சிட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஏர் மட்டும் எடுக்க அரை லிட்டர் போதும். ஆயிலை மாற்றவும் போகிறீர்கள் என்றால் ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சீல் பிரிக்காத டின் வேண்டும். போன வருடம் பாதி ஊற்றி மூடி வைத்த டின் வீட்டில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், அது இத்தனை நாளும் ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருந்தது.

டியூப். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் கண்ணாடி போன்ற டியூப் ஒன்றரை மீட்டர். நிப்பிள் தலையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கொத்தனார் லெவல் பார்க்கும் டியூப் பெரிது, தொளதொளவென்று நிற்கும், அந்த இடைவெளியில் காற்று இழுக்கும். டியூப் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் முனையை வெந்நீரில் காட்டி, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

ரிங் ஸ்பேனர். நிப்பிள்கள் பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ. ஒரே காரில் முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவும் இருக்கலாம். வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டால் மூலை மழுங்கிவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

மற்றவை: அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், 20 மில்லி சிரிஞ்ச், இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டக் கட்டைகள், ஒன்றரை அங்குல கனத்தில் ஒரு மரத்துண்டு, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுக்க ஒரு கழி, துருவைத் தளர்த்தும் ஸ்பிரே, பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர்.

தண்ணீர் எதற்கு என்றால், பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். சிந்தியதும் துடைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லது, அது தண்ணீரில் கரைந்துவிடும். ஆயில் டப்பா திறந்திருக்கும்போது மட்டும் தண்ணீரை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

4. நாளும் இடமும்

ஞாயிற்றுக்கிழமை மாலை தொடங்காதீர்கள். நிப்பிள் ஒன்று உடைந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டவெளியில் செய்வதையும் தவிர்த்துவிடுங்கள்.

சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள். ஹாலோ பிளாக் வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது பாரம் தாங்குவது போல இருந்து ஒரே நொடியில் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஸ்டாண்டு நழுவினாலும் உங்கள் மேல் விழாது.

பின் ஆக்சிலில் பாரத்துக்கு ஏற்ப ஆயிலைக் கட்டுப்படுத்தும் வால்வு சில வண்டிகளில் உண்டு. சக்கரங்கள் தொங்கினால் வண்டியில் பாரமே இல்லை என்று நினைத்து அது ஆயிலைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியிலேயே கொடுங்கள்.

5. எல்லா நிப்பிளையும் முதலில் தளர்த்திப் பாருங்கள்

ஆயில் டப்பாவைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று சக்கரம் முடித்து நாலாவதில் நிப்பிள் துருப்பிடித்து அசையாமல் நின்றால், வண்டி பாதியில் நிற்கும். கடற்கரை ஊர்களில் இது சர்வ சாதாரணம்.

டிஸ்க்கில் நிப்பிள் கேலிப்பரின் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பகுதி) மேல் முனையில் இருக்கும். டிரம்மில் பின் தட்டுக்கு உள்பக்கம். ரப்பர் தொப்பியை எடுத்துச் சுற்றிலும் மண்ணைத் தேய்த்து, ஸ்பிரே அடித்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ரிங் ஸ்பேனரை முழுதாக இறக்கிக் கையால் சிறு தட்டு. அசைந்ததும் உடனே மூடிவிடுங்கள். வரவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள். நிப்பிளின் நடுவில் துளை இருக்கிறது, கழுத்தோடு ஒடியும். இறுக்கும் பக்கம் ஒரு இழை, தளர்த்தும் பக்கம் ஒரு இழை என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். அப்படியும் வராவிட்டால் பட்டறைக்குப் போவதுதான் மலிவு.

6. டப்பாவில் உள்ள பழைய ஆயிலை எடுங்கள்

சிரிஞ்சில் சிறு டியூப் மாட்டி, டப்பாவில் உள்ள கறுத்த ஆயிலை உறிஞ்சுங்கள். அடியில் அரை அங்குலம் மிச்சம் இருக்கட்டும். முழுதாக உறிஞ்சினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஏர் இறங்கும், அங்கிருந்து எடுப்பது தனிப் பாடு. பிறகு புது ஆயிலை மேல் கோடு வரை ஊற்றி மூடியை லேசாக வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் அழுக்கு ஆயிலையே நாலு குழாய் வழியாகவும் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

7. எந்தச் சக்கரம் முதலில்

நம் ஊர் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம், டிரைவருக்கு முன்னால். அதிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பது இடது பின் சக்கரம். பழக்கமான வரிசை: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். நீளமான குழாயை முதலில் சுத்தம் செய்தால், பொதுவான பகுதியில் உள்ள ஏரும் அதோடு போய்விடும்.

ஆனால் பல சிறு கார்களில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிந்திருக்கும். இடது பின்னும் வலது முன்னும் ஒரு ஜோடி, வலது பின்னும் இடது முன்னும் இன்னொரு ஜோடி. அவற்றில் ஒரு ஜோடியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்வார்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு என்ன வரிசை சொல்கிறதோ அதுதான் கணக்கு.

8. டியூபும் பாட்டிலும்

பாட்டில் மூடியில் இரண்டு துளை போடுங்கள். ஒன்று டியூபுக்கு, ஒன்று உள்ளே உள்ள காற்று வெளியேற. பாட்டிலில் இரண்டு அங்குலம் புது ஆயில் ஊற்றி, டியூபின் முனை அதில் மூழ்கி அடி வரை இருக்கும்படி விடுங்கள்.

நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டுங்கள். அதற்குப் பிறகுதான் டியூப். எல்லோரும் ஒரு முறையாவது டியூபை முதலில் மாட்டிவிட்டு, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். நானும்தான்.

டியூப் நிப்பிளிலிருந்து நேராக ஒரு அடி மேலே ஏறி, வளைந்து, பிறகு பாட்டிலுக்கு வர வேண்டும். கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டிவிடலாம். தனி ஆள் முறையின் உயிர் இந்த வளைவில்தான் இருக்கிறது. வெளியே வந்த காற்றுக் குமிழி மேலே ஏறிப்போய்விடும், நிப்பிளை ஒட்டி எப்போதும் ஆயில் நிற்கும். பெடல் மேலே வரும்போது கொஞ்சம் திரும்ப இழுத்தாலும் ஆயிலைத்தான் இழுக்கும். டியூபைத் தரையோடு கிடத்தினால் குமிழி நிப்பிள் வாயிலேயே நின்று, வந்த வழியே உள்ளே போகும்.

9. மிதிப்பது

பெடலுக்கு அடியில் மரத்துண்டை வையுங்கள். பழைய காரில் மாஸ்டர் சிலிண்டரின் உள்பக்கம், தினமும் வாஷர் ஓடும் இடம் வரைதான் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துருவும் அழுக்கும். தரை வரை மிதித்தால் வாஷர் அந்த இடத்தில் உரசிக் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் வாங்கியவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதிகம் திறந்தால் மரை வழியாகக் காற்று இழுக்கும்.

உள்ளே போய் உட்கார்ந்து, இரண்டு மூன்று விநாடி எடுத்து மெதுவாக மிதியுங்கள். விடும்போது அதைவிட மெதுவாக. கால் பெடலை விட்டு எழவே கூடாது. சடாரென்று விட்டால் டப்பாவிலிருந்து ஆயில் இறங்குவதற்குள் நிப்பிள் பக்கமிருந்து இழுத்துவிடும். வேகமாகப் பம்ப் செய்தால் பெரிய குமிழி உடைந்து நுரையாகி, குழாயெல்லாம் பரவும்.

ஐந்து முறை மிதித்ததும் இறங்கி டப்பாவைப் பாருங்கள். கண்டிப்பாக. முதல் முறை நான் இதைச் செய்தபோது மூன்றாவது சக்கரத்தில் குமிழி வந்துகொண்டே இருந்தது. நிறைய ஏர் இருந்திருக்கிறது என்று சந்தோஷமாக மிதித்துக்கொண்டே இருந்தேன். டப்பா வற்றி, நானே மேலிருந்து காற்றை அனுப்பிக்கொண்டிருந்தேன். மறுபடி முதல் சக்கரத்திலிருந்து. ஐந்து மிதிக்கு டப்பாவில் எவ்வளவு இறங்குகிறது என்று வெளியே மார்க்கரில் கோடு போட்டுக்கொண்டால் பிறகு கணக்கு தெரிந்துவிடும். கீழ்க்கோட்டுக்கு வருவதற்கு முன்பே ஊற்றுங்கள்.

உள்ளே உட்கார்ந்தால் டியூப் தெரியாதே? செல்போனைச் சக்கரத்தருகே சாய்த்து வீடியோ ஓட விடுங்கள். மிதித்துவிட்டு வந்து பாருங்கள். கடைசி இரண்டு மிதியில் குமிழி இல்லாமல், கட்டங்காப்பி நிறம் போய் வெளிர் மஞ்சளாக ஆயில் வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. என் காரில் பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் நூறு மில்லியை ஒட்டிப் போனது, முன்னால் அதைவிடக் குறைவு.

10. மூடுவது

சீட்டை முன்னால் தள்ளி, பெடலை மரத்துண்டு வரை அழுத்தி, கழியைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுங்கள். அந்த நிலையில் போய் நிப்பிளை மூடுங்கள். பிறகு கழியை எடுங்கள். பெடல் திரும்பும்போது நிப்பிள் மூடியிருப்பதால் கடைசி நேரத்தில் இழுக்க வழியில்லை.

இறுக்கம் அளவோடு. ஸ்பேனரைத் தலைப்பக்கமாகப் பிடித்து, விரல் பலத்தில் நின்றதும் இன்னும் ஒரு சிறு அழுத்தம், அவ்வளவுதான். டியூபை எடுத்து, தண்ணீரால் கழுவி, துடைத்து, ரப்பர் தொப்பியை மாட்டுங்கள். தொப்பி இல்லாவிட்டால் துளையில் மண் அடைத்து அடுத்த முறை ஆயிலே வராது.

11. குமிழி நிற்கவே இல்லையா?

அரை மணி நேரமாகப் பொடிப்பொடியாகக் குமிழி வருகிறது, பெடலோ கெட்டியாக இருக்கிறது என்றால், அது குழாயில் உள்ள ஏர் இல்லை. நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று டியூபுக்குள் வருகிறது. நிப்பிளை இன்னும் கொஞ்சம் மூடிப் பாருங்கள், குமிழி குறையும். வெற்றிடப் பம்ப் வைத்து நிப்பிளிலிருந்து இழுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இதைத் துரத்திக்கொண்டு போய் ஒரு லிட்டர் ஆயிலைக் காலி செய்யாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெடல் பஞ்சாக இருந்தால், கேலிப்பரைப் பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தேங்கிய காற்று எவ்வளவு மிதித்தாலும் வராது. புது கேலிப்பர் போட்டவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மிதிக்கவே பயமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. நிப்பிளைத் திறந்து டியூபைக் கீழே தொங்கவிட்டு, ஆயில் தானாகச் சொட்டட்டும் என்று விட்டுவிடலாம். ஒரு சக்கரத்துக்கு அரை மணிக்கு மேலும் ஆகும். டப்பாவை மட்டும் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். பிடிவாதமான ஏர் இதில் வராது, ஆனால் தவறு நடக்கவும் வழி குறைவு.

12. ஓட்டுவதற்கு முன்

டப்பாவை மேல் கோடு வரை மட்டும் நிரப்பி மூடுங்கள். பெடலுக்கு அடியில் வைத்த மரத்துண்டை எடுத்தீர்களா? சிரிக்காதீர்கள், மறக்கிற விஷயம் அது. பெடலைப் பல முறை மிதித்துக் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் காலுக்கடியில் பெடல் கொஞ்சம் இறங்கும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்வதால் அப்படி, பயப்பட வேண்டாம். பலமாக அழுத்தி அரை நிமிடம் பிடித்தபடி இருந்துவிட்டு, இறங்கி நாலு நிப்பிளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கக் கூடாது.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இறங்கிய பிறகு முழுதாக இறுக்குங்கள். வீட்டு வாசலிலேயே நடை வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, பிறகு ஆளில்லாத தெருவில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முறை. ஒரு பக்கம் இழுத்தாலோ பெடல் மறுபடி இளகினாலோ பிரதான சாலைக்குப் போகாதீர்கள்.

வடிந்த ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊற்றலாமா என்று கேட்பார்கள். கூடாது, அதில் நுரையும் ஈரமும் இருக்கிறது. சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் தனி பாட்டிலாகக் கொடுங்கள். அதுவரை பாட்டிலில் பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும் திரவத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் டப்பாவின் அளவையும், நாலு சக்கரத்தடியிலும் தரையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.